பக்கத்து மனைக்காரர் நம் இடத்துக்குள் கட்டினால்?

கேள்வி: மதுரையில் கீழே கடை, மேலே வீடு என எங்கள் கட்டடம். பக்கத்தில் வணிக வளாகம் கட்டுபவர் எங்கள் பக்கம் ஒன்றரை அடி உள்ளே வந்து அஸ்திவாரம் தோண்டிவிட்டார். பட்டா எங்கள் பெயரில்தான். போலீஸில் ‘சிவில் மேட்டர்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: போலீஸ் சொன்னது பெரும்பாலும் சரிதான். எல்லைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் மிரட்டினாலோ சுவரை இடித்தாலோ அது வேறு விஷயம். அதற்குத் தனியாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்குங்கள்.

பட்டாவை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது வருவாய்த்துறைப் பதிவு, உரிமை மூலம் ஆகாது. உங்கள் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதியிருக்கும் பக்கத்தை எடுங்கள். ‘கிழமேல் இருபுறமும் 30 அடி’ என்று இருக்கும், கீழே நான்கு மால், அதாவது நாலு பக்கமும் எது எல்லை என்ற விவரம், இருக்கும். இப்போது டேப் வைத்துப் பார்த்தால் 28½ தான் வருகிறதா? உடனே அவர் திருடிவிட்டார் என்று முடிவு கட்டாமல், மூலப்பத்திரத்தையும் பாருங்கள். ஒரே பெரிய மனையைப் பாகம் பிரித்து விற்றபோது, எல்லாப் பத்திரங்களின் அகலத்தையும் கூட்டினால் தரையில் இருப்பதைவிட அதிகமாக வருவது நம்மூரில் சர்வசாதாரணம். அப்படியானால் அளவைவிட நான்கெல்லை எது என்பதற்குத்தான் கோர்ட் பொதுவாக அதிக மதிப்புக் கொடுக்கும். அவருடைய பத்திரத்தின் நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கலாம். மாநகராட்சியில் அவர் கொடுத்த கட்டட வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் தன் மனையின் அகலம் எவ்வளவு என்று அவரே கையெழுத்துப் போட்டுக் காட்டியிருப்பார். பல வழக்குகளில் அந்த ஒரு தாளே போதும்.

கூடவே தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் அளந்து தரக் கேட்டு மனுச் செய்யுங்கள். ஆனால் சர்வேயர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதற்குள் தளமே போட்டுவிடுவார்கள். கட்டி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு இடிக்கக் கேட்டால், ‘அப்போது ஏன் சும்மா இருந்தீர்கள்’ என்று கோர்ட் கேட்கும். இடிக்கச் சொல்வதற்குப் பதில் இழப்பீட்டோடு முடித்துவிடவும் வாய்ப்புண்டு. தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், திட்ட அனுமதியை மீறியிருக்கிறார் என்று மாநகராட்சியிலும் எழுத்தில் கொடுங்கள்.

வழக்கில் என்ன பரிகாரம் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை (கோர்ட் தடை உத்தரவு) மட்டும் கேட்டால் போதாது, உரிமை விளம்புகையும், அதாவது இடம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பதையும், சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-ல் அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோண்டிய பகுதி ஏற்கெனவே அவர் கையில் இருந்தால் சுவாதீனமும், அதாவது இடத்தைத் திரும்ப ஒப்படைக்கவும், கேளுங்கள். கட்டிய பகுதியை அகற்றச் சொல்வது செயலுறுத்துக்கட்டளை. முதல் நாளே இடைக்காலத் தடைக்கும், வக்கீல் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) சர்வேயரோடு வந்து அளப்பதற்கும் மனுப் போட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கிடைத்தால், உத்தரவையும் மனுவின் நகல்களையும் உடனே அவருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதாகப் பிரமாண வாக்குமூலமும் தாக்கல் செய்யுங்கள். இதைச் செய்யாததாலேயே தடையை இழந்தவர்கள் உண்டு.

கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017 முதல் வழக்கு மதிப்பில் 3 சதவீதம். அதற்கு முன் 7½ ஆக இருந்தது. பிற்பாடு லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சமரசத்துக்கு அவர் வந்தால் மறுக்காதீர்கள், ஒன்றரை அடிக்காகப் பதினைந்து வருஷம் அலைவது யாருக்கும் லாபமில்லை. ஆனால் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, பணம் வாங்கி முடித்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதென்றால் பதிவு செய்த கிரயம், இல்லையேல் வழக்கிலேயே பதிவான சமரச டிக்ரி. இரண்டுமில்லாத பேப்பர், நாளைக்கு நீங்களோ அவரோ விற்கப் போகும்போது வில்லங்கமாக வந்து நிற்கும்.