வீட்டில் இருக்கிற பேரனைக் கொஞ்சம் பாருங்கள்

கேள்வி: எனக்கு 71 வயது. கோண்டாவிலில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். மகள் ரொறன்ரோவில். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பேத்திக்கு 12 வயது, பேரனுக்கு 9. ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் வருவார்கள். “ஹாய் அம்மம்மா” என்பதோடு சரி, பிறகு ஆளைக் காணக் கிடைக்காது. பேத்தி ஒருநாள் “சண்டை நடக்கேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள்?” என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் கதையை மாற்றிவிட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு இந்த ஜூலைக் கடைசியில் வந்து நாலு கிழமை நிற்கப் போகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வடிவாக வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. என்னோடு ஒட்டுவார்களா என்று யோசனையாக இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகட்டோ? மகனுடைய பெடியன் நாலாம் வகுப்பு. அவன் ரியூசன், போன் என்று தன்பாட்டில் இருக்கிறான். அவனால் ஒரு பிரச்சினையும் இல்லை.
அம்மம்மா, கோண்டாவில்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதம் மூன்று பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்திலும் வீட்டில் இருக்கிற பேரனுக்குக் கிடைத்தது கடைசி மூன்று வரி. எனக்கு அவனைப் பற்றித்தான் முதலில் கதைக்க வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் இருந்தால் பாசம் தன்பாட்டில் வளரும் என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்றதும் தின்னாததுமாக ரியூசன். அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதனை என்று இப்போதே வீடு முழுக்கக் காய்ச்சல். வாசலில் கால் வைக்கும்போதே “இண்டைக்கு எத்தினை மாக்ஸ்?” என்று தாய். வேலையால் வந்த தகப்பனும் அதே கேள்வி. நீங்களும் அதைக் கேட்டால் அந்த வீட்டில் அவனுக்கு மூன்று வாத்திமார். போனுக்குள் போய் ஒளியாமல் வேறு என்ன செய்வான்?

ஆகவே மாக்ஸ் கேட்காத ஒரு ஆளாக நீங்கள் இருங்கள். கூப்பிட்டு இருத்திப் புத்திமதி சொல்லவும் வேண்டாம், வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒன்பது வயதுப் பெடியனை எதிரில் வைத்துக் கதை கேட்டால் வாயே திறக்கான். குசினி வாசலில் இருந்து இரண்டு பேரும் முருங்கையிலை உருவுங்கள். பாதிக் கட்டு முடிவதற்குள் வகுப்பில் யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் ஏசினவ, யாருடைய சைக்கிளுக்குக் காற்றுத் திறந்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். வந்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாராவது அடிக்கிறார்கள், பயப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் தாய் தகப்பனிடம் சொல்லத்தான் வேண்டும். மற்றச் சில்லறைக் கதைகளைக் கோள் சொன்னீர்களோ, அதோடு அவன் உங்களிடம் கதைப்பதை விட்டுவிடுவான். இன்னொன்று: மருமகளுக்குத் தெரியாமல் போனும் ரொபியும் கொடுத்து அவனைப் பிடிக்கிற வேலை வேண்டாம். ஒரு கிழமைக்குள் பிடிபடும். பிறகு உங்களுக்கும் மருமகளுக்கும்தான் மனக்கசப்பு.

அவன் உங்களோடு ஒட்டிவிட்டால் ரொறன்ரோ விசயமும் பாதி சரி. இங்கே ஞாயிறு இரவு 7 மணி என்றால் கோடையில் அங்கே காலை ஒன்பதரை. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிவிட்டால் எட்டரை. நித்திரைப்பாயால் எழும்பின பிள்ளையிடம் “சாப்பிட்டியோ? படிக்கிறியோ?” என்று கேட்டால் “ஓம்” என்பதற்கு மேல் அது என்ன சொல்லும்? போனை உங்கள் பேரனிடம் கொடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது எடுத்த வீடியோ ஒன்றை அவனே முதல்நாள் அனுப்பிவிடட்டும். மாமரத்தில் அணில் கூடு கட்டியிருக்கும், பூனை குட்டி போட்டிருக்கும், ஏதாவது ஒன்று. இரண்டு பெடியன்களுக்கும் ஒரே வயது. அவர்கள் கேம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பரவாயில்லை, பக்கத்தில் இருங்கள்.

இனி, அவர்கள் வந்து நிற்கப் போகிற நாலு கிழமை. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளை நாங்கள் பாடாய்ப் படுத்துகிறோம். கீரிமலை, நயினாதீவு, கசூரினா, நல்லூரடியில் ஐஸ்கிறீம், இடையில் இருபது சொந்தக்காரர் வீடு, ஒவ்வொரு வீட்டிலும் சோடாவும் கேக்கும். பிள்ளைகள் வானுக்குள் நித்திரை. நல்லூருக்குக் கூட்டிப்போங்கள், கோயில் வீதியில் கச்சான் வாங்கிக் கொடுங்கள், ஆனால் திருவிழா 25 நாள் என்பதற்காக நாளும் இழுத்துக்கொண்டு போகவேண்டாம். காலை நேரங்களை வீட்டுக்கு விடுங்கள்.

தமிழைப் பற்றிப் பயப்படாதீர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வராமல் போவதற்கு எங்கள் விறாந்தைகளும் ஒரு காரணம் என்பேன். பார்க்க வருகிற பெரியம்மா, மாமிமார் எல்லாரும் சேர்ந்து பிள்ளையை நடுவில் நிறுத்தி “எங்க, ஒரு தேவாரம் பாடு பாப்பம்” என்பார்கள். பிள்ளை “நான் நேற்று வந்தது” என்று பிழைவிட்டுச் சொன்னால் கொல்லென்று ஒரு சிரிப்பு. அதோடு அந்தப் பிள்ளை வாயை மூடிவிடும். அதை மறிப்பது உங்கள் வேலை. வயதுக்கு மூத்தவர் நீங்கள், “பிள்ளையை விடுங்கோ” என்று நீங்கள் சொன்னால் ஒருவரும் மறுத்துக் கதைக்கமாட்டார்கள். நீங்கள் வழமைபோலத் தமிழிலேயே கதையுங்கள். அவர்கள் இங்கிலீஷில் பதில் சொன்னால் சொல்லட்டும், வீட்டுப் பேரன் இடையில் நின்று விளங்கப்படுத்துவான். உறைப்புத் தின்னாவிட்டால் அதையும் பெரிதாக எடுக்காதீர்கள்.

ஆவணியில் பனம்பழம் விழுகிற காலம். உங்கள் வளவில் பனை இல்லையென்றால் அயலில் கேட்டால் தருவார்கள். மூன்று பிள்ளைகளையும் கிணற்றடியில் இருத்திப் பழத்தைப் பிசையவிடுங்கள். கை, முகம், சட்டை எல்லாம் மஞ்சளாகட்டும். களியில் பணியாரம் சுடுங்கள். பிறகு கொட்டைகளை எறியாமல், மண்ணைக் கொத்தி உயர்த்திப் பாத்தி போட்டு மூவரையும் அடுக்கச் சொல்லுங்கள். யார் எந்த வரிசை என்று தடி நட்டுப் பேர் எழுதிவைக்கட்டும். கனடாக்காரர் போனபிறகு மழை தொடங்கும்வரை தண்ணீர் விடுவது உங்கள் பேரனின் பொறுப்பு. மாரி முடிந்து தை மாதமளவில் கிழங்கு கிண்டும்போது வீடியோ எடுங்கள், அவரவர் வரிசையில் எத்தனை வந்தது என்று எண்ணிக் காட்டுங்கள். அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கினால் ரொறன்ரோ போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். இடைப்பட்ட மாதங்களில் “என்ர வரிசை முளைச்சிட்டுதோ?” என்று அவர்களே போன் எடுப்பார்கள். மண்ணுக்குள் இருப்பது உங்களுக்கும் தெரியாதே, “கிண்டேக்க பாப்பம்” என்று சொல்லிவையுங்கள்.

பேத்தி கேட்ட கேள்விக்கும் பனம்பழத்தில் இருந்தே தொடங்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் இதே பனங்களியில்தான் உடுப்புத் தோய்த்தோம் என்று சொல்லுங்கள். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்கு எரித்தோம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டோம். வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் செய்தே காட்டுங்கள், பெடியன்கள் இரண்டு பேரும் விடமாட்டார்கள். பேத்திக்கு 12 வயது, அவள் இன்னும் கேட்பாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனமே வெளிக்கிட்டு நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததை அவளுக்குச் சொல்லலாம். சொல்லுமுன் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு அவளும் கிட்டத்தட்டப் பேத்தியின் வயதில்தான் இருந்திருப்பாள், அது அவளுடைய கதையும்தான். கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்லலாம். கதையை மாற்றவேண்டாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு கேட்கமாட்டார்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு? உங்களுக்கு ஆசையென்றால் தாராளமாகப் போங்கள், இவர்களுக்காக வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல பெரிய நுளம்பு வலை இரண்டு வாங்கிவையுங்கள். முதல் இரவே நுளம்பு கடித்துத் தடித்தால், மூன்றாம் நாள் தாய் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஏசி போட்ட ஹோட்டலில் விட்டுவிடுவாள்.