பங்குனி வாய்தா தவறிய பஞ்சு: பூட்டனாருக்கு நஷ்டஈடு ஏன் கிடைக்கவில்லை?

கோவில்பட்டி வாசகர் கேட்கிறார்: "எங்கள் பூட்டனார் பஞ்சு வியாபாரி. அவர் பெட்டியில் 'கருங்கண்ணிப் பஞ்சு 40 கண்டி, கொல்லம் 1091 பங்குனி வாய்தா' என்று ஒரு சீட்டு இருக்கிறது. விற்ற சாத்தூர்க்காரர் சரக்கு தரவில்லை. வழக்குப் போட்டதில் முன்பணம் மட்டும் திரும்பி வந்ததாம், நஷ்டஈடு இல்லையாம். காரணம் என்ன? தீர்ப்பை எங்கே தேடுவது?"

முதலில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள். கொல்லம் ஆண்டு நம் சீமையில் ஆவணியில் பிறக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்ட வேண்டும், அதற்குப் பின் ஆடி முடிய 825-ஐ. ஆக, உங்கள் சீட்டின் வாய்தா, அதாவது சரக்கைத் தர வேண்டிய கெடு, 1916 மார்ச்–ஏப்ரல். அடுத்து எடை. சென்னை மாகாணக் கண்டி 500 ராத்தல் (பவுண்டு), பம்பாய்க் கண்டி 784 ராத்தல். பம்பாய் விலையைப் பார்த்து நம்மூர்ச் சீட்டை அளந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

இனி நஷ்டஈடு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. சரக்கு வராவிட்டால் வாங்குபவருக்குச் சேர வேண்டியது, பேசிய விலைக்கும் வாய்தா நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். உதாரணத்துக்கு, கண்டி 200 ரூபாய் என்று பேசி, வாய்தா அன்று 230 விற்றால் 40 கண்டிக்கு 1,200 ரூபாய். அன்று 190 விற்றிருந்தால் சந்தையிலேயே மலிவாக வாங்கியிருக்கலாம் என்பதால் நஷ்டம் என்று எதுவும் இல்லை. வாய்தாவுக்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கில் வராது. ஜமால் எதிர் மூல்லா தாவூத் என்ற ரங்கூன் வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொன்னது. அது பங்குப் பத்திர வழக்கு, ஆனால் சரக்குக்கும் அதே அளவுகோல்தான்.

முன்பணம் திரும்பியதே ஒரு நல்ல தடயம். தவறு பூட்டனாருடையது என்று கண்டிருந்தால் அச்சாரம் பறிபோயிருக்கும். 'சரக்கே கைமாறாத வெறும் விலைப் பந்தயம்' என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ் முடிவு செய்திருந்தால் வழக்கே பெரும்பாலும் தள்ளுபடியாகியிருக்கும். ஆகவே சறுக்கிய இடம் விலை நிரூபணம் என்றே கருதுகிறேன்: விலை இறங்கியிருக்க வேண்டும், அல்லது அன்றைய விலையை நிரூபிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். இரண்டாவதில்தான் நல்ல வழக்குகள் பல வீணாயின. பேரேட்டைக் கொண்டுபோய் வைத்தால் போதும் என்று வியாபாரிகள் நம்பினார்கள். சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவோ, கணக்குப் பதிவை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்புச் சுமத்த முடியாது என்றது. எழுதிய கணக்குப்பிள்ளையோ, அன்று தூத்துக்குடியில் கொள்முதல் செய்த வேறொரு வியாபாரியோ, தரகரோ கூண்டேறி விலையைச் சொல்லியிருக்க வேண்டும். 'பாபநாசம் ஆலைக்குக் கூடுதல் விலைக்குத் தருவதாக இருந்தேன்' என்ற வாதமும், விற்றவருக்கு அது முன்பே தெரியாவிட்டால் எடுபடாது.

தேடும்போது இன்றைய மாவட்ட எல்லையை நம்பாதீர்கள். சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம், 1985 முதல் விருதுநகர். பிரதிவாதி குடியிருந்த இடத்திலோ ஒப்பந்தம் முறிந்த இடத்திலோ வழக்குப் போடலாம் என்பதால், கோவில்பட்டிப் பக்கத்து நீதிமன்றமாகவும் இருக்கலாம். பெட்டியில் டிக்ரி (தீர்ப்பாணை) நகலோ வக்கீல் ரசீதோ இருந்தால் அதன் தலைப்பில் நீதிமன்றப் பெயரும் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண்ணும் ஆண்டும் இருக்கும். இந்த மூன்றையும் வைத்து அந்த நீதிமன்றப் பதிவறையில் நகல் மனு கொடுங்கள். எண் கிடைக்காவிட்டால் 1916 முதல் 1919 வரையிலான வழக்குப் பதிவேட்டில் இரு தரப்புப் பெயரையும் தேடச் சொல்லுங்கள். ஏனென்றால் வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. சாட்சிக் கட்டுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருக்கும், தீர்ப்பும் டிக்ரியும் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் மட்டுமே இந்திய சட்ட அறிக்கைகளின் சென்னைத் தொகுதிகளிலோ மெட்ராஸ் லா ஜர்னலிலோ அச்சாகியிருக்கலாம். அவற்றின் பெயர் அட்டவணையில் பூட்டனார் பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதத்திலும் பாருங்கள்.