மேயெல்லாவுக்காக அழுதது தப்பா?

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் போன மாதம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்தோம். எல்லோரும் வக்கீல் அட்டிகஸ் பற்றியும் டாம் ராபின்சன் பற்றியும் பேசினார்கள். எனக்கு மேயெல்லாவை நினைத்துத்தான் அழுகை வந்தது என்றேன். என் நெருங்கிய தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லி ஒரு அப்பாவியின் உயிரை வாங்கினவளுக்கா அழறே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை. நான் நினைத்தது தப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தப்பே இல்லை. ஆனால் உங்கள் தோழியின் கோபமும் நியாயமானதுதான். நீங்கள் இருவரும் ஒரே நாவலின் இரண்டு இடங்களில் மனதைப் பறிகொடுத்திருக்கிறீர்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960இல் வெளிவந்த நாவல் இது. கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். பாப் யூவெல் என்ற வெள்ளைக்காரனின் மூத்த மகள் மேயெல்லா. பத்தொன்பது வயதுப் பெண். டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞன் தன்னைப் பலாத்காரம் செய்ததாகக் கோர்ட்டில் சாட்சி சொல்கிறாள். உண்மையில் அவள்தான் டாமை அணைத்து முத்தமிட்டாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்ட அப்பன் அவளை அடித்து நொறுக்கினான். டாமுக்காக வாதாடும் அட்டிகஸ் இதையெல்லாம் வெளிக்கொண்டு வந்த பிறகும், வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி டாமைக் குற்றவாளி என்கிறது.

உங்களை அழவைத்தது எந்த இடம் என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஏழு நிக்கல் காசுகளைச் சொல்வேன். ஒரு நிக்கல் என்பது ஐந்து சென்ட். தம்பி தங்கைகள் ஏழு பேரும் டவுனுக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்பதற்காக ஏழு நிக்கல் சேர்க்கிறாள். அதற்கே அவளுக்கு ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஆளில்லாத ஒரு மணி நேரத்துக்காக ஒருத்தி ஒரு வருஷம் காசு சேர்த்திருக்கிறாள். அந்த வீடு ஊர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரை வெளியிலிருந்து வாளியில் சுமந்து வர வேண்டும். வரும் அரசாங்க உதவிப் பணத்தை அப்பன் குடித்தே தீர்க்கிறான். அம்மா செத்து வெகு காலம் ஆகிவிட்டது. அந்தக் குப்பைக்காட்டில், எனாமல் பெயர்ந்த ஆறு வாளிகளில் சிவப்பு ஜெரேனியம் பூச்செடிகள் மட்டும் அத்தனை அருமையாக வளர்கின்றன. அவை மேயெல்லா வைத்த செடிகள் என்று ஊரில் பேச்சு.

இன்னொரு இடமும் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அட்டிகஸ் அவளை மரியாதையாக 'மிஸ் மேயெல்லா' என்று கூப்பிடுகிறார். அவர் கிண்டல் செய்கிறார் என்று அவளுக்குக் கோபம் வருகிறது! ஜட்ஜ் குறுக்கிட்டு, அவர் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவார் என்று விளக்க வேண்டியிருக்கிறது. உனக்குச் சிநேகிதர்கள் யாராவது உண்டா என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. உலகத்திலேயே ரொம்பத் தனியான ஆள் இவள்தான் போலிருக்கிறது என்று கதையைச் சொல்லும் சிறுமி, அட்டிகஸின் மகள் ஸ்கவுட் நினைத்துக்கொள்கிறாள். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு இந்த நாவலில் ஆறாத குறை. அப்பன் குடித்தால் அடிப்பான் என்பது அவள் வாயாலேயே பாதி வந்துவிடுகிறது. முகத்தில் காயம் வலது பக்கம், அப்பன் இடதுகைப் பழக்கக்காரன், டாமின் இடது கையோ சிறுவயதில் பருத்தி மெஷினில் சிக்கிச் செயலிழந்தது. அடித்தது யார் என்பது கோர்ட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அப்பா தன்னிடம் செய்வதெல்லாம் கணக்கில் சேராது என்று மேயெல்லா தன்னிடம் சொன்னதாக டாம் சாட்சி சொல்கிறான். அதன் பொருள் என்னவாக இருக்கும் என்று நினைத்தாலே உடம்பு பதறுகிறது. ஜட்ஜ், ஷெரிஃப், வக்கீல்கள், ஜனங்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். சாயந்திரம் அவள் அதே அப்பனோடு அதே வீட்டுக்குத்தான் போனாள். சாட்சிக்கூண்டை விட்டு இறங்கியவளை நாவலும் அத்தோடு விட்டுவிடுகிறது. அட்டிகஸுக்கு மட்டும் ஓரளவு உறைக்கிறது. பாப் யூவெல் தன் முகத்தில் துப்பிய பிறகு, இதனால் மேயெல்லாவுக்கு ஒரு அடி குறையுமானால் சந்தோஷம்தான் என்று மகனிடம் சொல்கிறார்.

இனி உங்கள் தோழியின் பக்கம். மேயெல்லாவுக்காகப் பரிதாபப்பட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை, டாம் ராபின்சன்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாக நடப்பவன் அவன். அவள் கூப்பிட்டால் விறகு வெட்டிக் கொடுப்பான், தண்ணீர் சுமந்து கொடுப்பான். ஒரு காசு வாங்கமாட்டான், அவளிடம் காசில்லை என்று தெரியும். ஏன் சும்மா செய்தாய் என்று அரசு வக்கீல் துருவும்போது, அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறான். அந்த நிமிஷமே கோர்ட்டில் சூழ்நிலை மாறிவிடுகிறது. ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவப்படுவதா? அந்த ஊரில் அதுவே பெரிய குற்றம். அவளிடம் இரக்கம் காட்டிய ஒரே ஆளை அந்த இரக்கத்துக்காகவே தண்டித்தார்கள், அவளும் அதற்குத் துணைபோனாள். அவள்மேல் தனக்குப் பரிதாபம் உண்டு, ஆனால் ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அது நீளாது என்று அட்டிகஸ் ஜூரியிடம் சொல்கிறார். என் முடிவும் அதுதான். அவளுக்கு அப்பனிடம் பயம், உண்மை. ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சொல்லுக்கு அந்த ஊரில் என்ன எடை என்பதும் அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது. அதைத் தன்னைவிட எளியவன்மேல் பிரயோகித்தாள்.

அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் டாம் பிழைத்திருப்பானா? நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1931இல் அதே அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் இப்படி ஒரு பழி விழுந்தது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பார்கள். புகார் சொன்னவர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகளான இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வழக்கைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அந்த வழக்கையே ஹார்ப்பர் லீ கதையாக்கினார் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த இருவரில் ஒருத்தியான ரூபி பேட்ஸ் 1933இல் எதிர்த்தரப்பு சாட்சியாகவே கூண்டில் ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாள். ஜூரி அதற்குப் பிறகும் மரண தண்டனைதான் கொடுத்தது. ஜட்ஜ் ஹார்ட்டன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அதனால் மேயெல்லா வாய் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவளைப்போலவே ஏழையான ஒரு பெண் வாய் திறந்திருக்கிறாள். வேறு வழியே இல்லை என்ற சமாதானம் அதனால் எடுபடவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஹெலன் ராபின்சனுக்காக அழுதீர்களா? டாமின் மனைவி. சிறைப் பண்ணையில் வேலியேறித் தப்பிக்கப் பார்த்த டாமைப் பதினேழு குண்டுகள் துளைத்தன என்ற செய்தியோடு அட்டிகஸ் அவள் வீட்டுக்குப் போகிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் மண்ணில் சாய்ந்துவிடுகிறாள். பிறகு குழந்தைகளைக் காப்பாற்ற வேலைக்குப் போகிறாள். யூவெல் வீட்டைத் தாண்டினால் தொல்லை என்பதால் தினமும் கிட்டத்தட்ட ஒரு மைல் சுற்றி நடக்கிறாள். அவளுக்குச் சாட்சிக்கூண்டும் கிடையாது, ஜெரேனியமும் கிடையாது. சில பக்கங்களில் வந்து போய்விடுகிறாள். உங்கள் தோழி கோபத்தில் சொன்னது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேயெல்லாவுக்காக அழுங்கள். அந்த அழுகையில் ஹெலன் மறந்துபோகக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது. தோழிக்கு நீங்களே போன் செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது வருத்தமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து 18, 19ஆம் அத்தியாயங்களைச் சத்தமாகப் படியுங்கள். மேயெல்லாவின் சாட்சியம் வரும் 18ஐ அவள் படிக்கட்டும், டாமின் சாட்சியம் வரும் 19ஐ நீங்கள் படியுங்கள். அப்புறம் ஹெலன் வரும் 25ஐயும் 27ஐயும் சேர்ந்து படியுங்கள். அதன்பிறகும் கருத்து வேறுபட்டால் வேறுபடட்டும், பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.