ஸ்விட்ச் ஆஃப், ஆனாலும் ஹோல்டரில் டெஸ்டர் எரியுது: பதில்

கை வைக்காதீங்க. ஸ்விட்ச்சை அணைச்ச பிறகும் பல்பு ஹோல்டரில் டெஸ்டர் எரியுதுன்னா, அங்கே கரண்ட் இருக்குன்னே எடுத்துக்கணும். மெயினை இறக்காம ஹோல்டரை மாத்த வேண்டாம்.

பெரும்பாலும் ஸ்விட்ச்சை ஃபேஸில் (கரண்ட் வர்ற வயர்) கொடுக்காம நியூட்ரலில் (கரண்ட் திரும்புற வயர்) கொடுத்திருப்பாங்க. பல்பு அணையும், 230 வோல்ட் மட்டும் ஹோல்டர் பின் வரைக்கும் வந்து நிக்கும்.

1. முதலில் டெஸ்டரை ஓடுற பிளக்கில் வெச்சு, எரியுதான்னு பாருங்க. பழுதான டெஸ்டர் எரியாததை நம்பித்தான் பலர் அடி வாங்குறாங்க.
2. மெயினை இறக்கி, ஹோல்டரின் ரெண்டு பின்னிலும் வெச்சுப் பாருங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் தனியா அணைக்கணும்.

ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா தானே ட்ரிப் ஆகி சப்ளையைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) இருக்கேன்னு தைரியம் வேண்டாம். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பட்டா, எர்த்துக்குக் கசிவு இல்லாததால அது ட்ரிப் ஆகாமலே போகலாம். வயரை மாத்திக் கொடுக்க லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க.