மஞ்சள் பையைக் கொட்டிப் பாருங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் செங்கோட்டைக்காரி. அம்மாவுக்கு 71 வயது. அவளுடைய 38 வயதில் மனசு சரியில்லாமல் போயிற்று. ராப்பகலாகத் தூக்கமில்லாமல் பேச்சு. கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தெருவில் போகிறவளுக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அப்பா திருவனந்தபுரம் கூட்டிப்போய்க் காட்டினார். மாத்திரையில் நின்றது. அதன்பிறகு முப்பது வருஷம் பூக்கட்டி விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தாள். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் திருவனந்தபுரம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கிறேன்.

மூன்று வாரமாக அம்மா அம்மாவாக இல்லை. காலையில் என் பெயரைச் சொல்கிறாள், சாயங்காலம் "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்கிறாள். கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது. ராத்திரி உட்கார்ந்து மடியில் இல்லாத பூவை எடுத்து எடுத்துக் கட்டுகிறாள். இங்கே காட்டிய டாக்டர் "வயசாயிட்டுல்லா, மறதி நோய்" என்றார். அத்தான் சோட்டாணிக்கரை பகவதி கோயிலுக்குப் போவோம் என்கிறார். தம்பியோ, எல்லாம் மாத்திரையால்தான், மொத்தமாக நிறுத்து என்கிறான்.

கொடுப்பது இவ்வளவுதான்: லித்தியம் 300, பேசிடேன் 2, இரண்டும் காலை இரவு. க்ளோனசெபாம் 0.5 இரவு. போன வருஷத்திலிருந்து பிரஷர் மாத்திரை ஒன்று, வீட்டுக்கே வந்து தருகிறார்கள். மூட்டுவலிக்கு அப்பப்ப கடையில் கேட்டு வாங்குவது. நான் என்ன செய்ய?

ச., செங்கோட்டை

*

அன்புள்ள தங்கை ச.,

அவசரமானதை நேற்று ராத்திரியே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலைமையில் வேறு யாராவது படித்தால் ஆகுமே என்று இங்கேயும் சொல்கிறேன். லித்தியம் சாப்பிடுகிற ஒருவருக்குப் புதிதாகக் கைநடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த வேளை லித்தியத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த வேளையைக் கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா என்பதை அவர்கள் சொல்வார்கள். ரத்தத்தில் லித்தியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுதான்.

இனி நிதானமாகப் பேசலாம். நான் டாக்டர் இல்லை. ஒரு கிழவரைப் பத்து வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன், அதில் ஒரு பெரிய தப்பும் செய்தவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "அப்பா போய் நாலு வருஷம்" என்பதுதான். மாதாமாதம் ஆரியங்காவு வழியாகப் பஸ் ஏறி, ரத்தம் எடுக்க வைத்து, டாக்டர் சொன்னதைக் கேட்டு, எது எதற்காக என்று மனசில் வைத்திருந்தவர் அவர். அம்மாவின் பைல் அவர்தான். அவரோடு அதுவும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு சீட்டு. சீட்டுக்கு மாத்திரையின் பெயர் தெரியும், ஏன் ஆரம்பித்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரியாது.

லித்தியத்திலிருந்து வருவோம். நல்ல மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதை வெறியேறிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றைக்கும் அந்த நோய்க்கு இதை மிஞ்சியது அதிகம் இல்லை. உங்கள் அம்மா முப்பது வருஷம் பூக்கட்டியது இதன் தயவில்தான். ஆனால் இதற்குக் கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி அளவு. ரத்தத்தில் 0.6-லிருந்து 1.0 வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. வயசானவர்களுக்கு இன்னும் கீழேயே வைப்பார்கள், ஏனென்றால் அளவு சரி என்று ரிப்போர்ட் சொல்லும்போதே சிலருக்குத் தலை கலங்கிவிடும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் முறை. அவசரம் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், எத்தனை மணிக்குப் போட்டார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

லித்தியமும் ஒரு உப்புதான். சிறுநீரகத்துக்கு இதற்கும் சோற்றுப்புக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், சோடியத்தை இழுத்துப் பிடிக்கிற பதற்றத்தில் லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இப்போது வீட்டில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பிரஷர் என்று தெரிந்ததும் "உப்பைக் குறைங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்களும் அக்கறையாகக் குறைத்திருப்பீர்கள். பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் "பிரில்" என்றோ "சார்ட்டான்" என்றோ முடிந்தாலும், பின்னால் தனியாக ஒரு "ஹெச்" ஒட்டிக்கொண்டிருந்தாலும், அது லித்தியத்தை ஏற்றிவிடக்கூடிய வகை. மூட்டுவலிக்கு வாங்கியது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்றால் அதுவும் அப்படித்தான். தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் குற்றம் சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரை எழுதியவருக்கு லித்தியம் இருப்பது தெரியாது, லித்தியம் எழுதியவருக்குப் பிரஷர் வந்ததே தெரியாது.

நம் பக்கத்துக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை மலைக்கு அந்தப்பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. கோடு மாறினாலும் கால் மாறவில்லை. காய்ச்சலுக்குத் தென்காசி, பெரிய நோய்க்குத் திருவனந்தபுரம் என்று இன்றைக்கும் புளியரை வளைவில் ஆம்புலன்ஸ் இரண்டு பக்கமும் போகிறது. சீட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

அடுத்தது பேசிடேன். மெடிக்கலில் டி.எச்.பி. என்பார்கள். எனக்கு இதன்மேல்தான் கோபம் அதிகம். உங்கள் அம்மாவுக்கு ஆரம்பத்தில், வெறியை அடக்க, ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்து ஏதோ கொடுத்திருப்பார்கள். அதனால் கை விறைக்கும், உடம்பு மரக்கட்டையாகும். அதைச் சரிக்கட்ட இந்த மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். இப்போது உங்கள் பட்டியலில் அந்த மாதிரி மருந்தே இல்லை. மாப்பிள்ளை எப்போதோ எழுந்து போய்விட்டார், தோழன் மட்டும் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான்.

இது என்ன செய்யும் என்று புரிய ஊமத்தையை நினைத்தால் போதும். வேலியோரத்து முள்ளுக்காய். தின்றவனுக்கு நாக்கு வறளும், கண்மணி விரியும், மூத்திரம் அடைக்கும், இல்லாததைக் கண்டு பிதற்றுவான். பைத்தியத்தைக் குறிக்கிற உன்மத்தம் என்ற சொல்லிலிருந்துதான் செடிக்கே பெயர். பித்தன் என்று பாடப்பட்ட சாமிக்குத்தான் அந்தப் பூவைச் சாத்துகிறோம். மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் வேலை செய்கிற அசிட்டைல்கோலின் என்ற சங்கதியை ஊமத்தை தடுக்கிறது. பேசிடேன் தடுப்பதும் அதையேதான், அளவு மட்டும் சின்னது. முப்பது வயசு மூளை அதைத் தாங்கும். எழுபது வயதில் அந்தச் சரக்கே கையிருப்புக் குறைவு. மனச்சோர்வுக்குத் தருகிற அமிட்ரிப்டிலினும் இந்தக் கூட்டம்தான். அரிப்புக்கும் சளிக்கும் சும்மா கேட்டு வாங்குகிற அவில், சில இருமல் மருந்துகள், இவையும் இதே வேலையைப் பார்க்கும்.

அம்மா இல்லாத பூவைக் கட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து வெகுநேரம் அப்படியே இருந்தேன். போர்வை நூலைப் பிடுங்குவது, காற்றில் எதையோ பொறுக்குவது இதெல்லாம் இந்த வகைக் குழப்பத்தில் வருவது. முப்பது வருஷம் பூ எடுத்த விரல், அதனால் பூவாகப் பொறுக்குகிறது. அவளிடம் மலச்சிக்கல் இருக்கிறதா, மூத்திரம் போய் எத்தனை நேரமாயிற்று, வாய் வறளுகிறதா என்று கேளுங்கள். கிழவர்களுக்கு மூத்திரம் கட்டிக்கொண்டாலே தலை கலங்கும்.

"மறதி நோய்" என்று ஒரே வார்த்தையில் முடித்ததை நான் ஒப்பமாட்டேன். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஏறுவது. மூன்று வாரத்தில் வந்து, காலையில் தெளிந்து சாயங்காலம் கலங்குவதை டாக்டர்கள் டெலீரியம் என்பார்கள், நம் பாட்டிமார் காய்ச்சலோடு பார்த்து ஜன்னி என்றார்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. ஜன்னியில் இருப்பவர் பெரும்பாலும் பாதியிலேயே வழி தப்பிவிடுவார். இது சோதனைச் சாவடி மாதிரிதான், தீர்ப்பு இல்லை. மூத்திரத் தொற்று, சோடியம் குறைவது, தைராய்டு குறைவது (லித்தியமே நாளாவட்டத்தில் தைராய்டை அமுக்கும்), பி12 இல்லாமை, இவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். எல்லாம் பார்த்தபிறகு அடியில் உண்மையிலேயே மறதி நோயும் கொஞ்சம் இருக்கலாம். அதை இன்றைக்குச் சொல்ல முடியாது, மேலே கிடப்பதை எடுத்த பிறகுதான் தெரியும்.

இப்போது உங்கள் தம்பிக்கு. அவர் சந்தேகம் சரி, வைத்தியம் தப்பு. அதே தப்பை நான் செய்திருக்கிறேன். என் சித்தப்பா புனலூரில் இருந்தார், 74 வயது. ராத்திரி ராத்திரி தூக்கத்துக்கு அல்ப்ரசோலாம், பல வருஷமாக. பகலெல்லாம் தூங்கி வழிவார், சாவியை வைத்த இடம் தெரியாது, இரண்டு தடவை விழுந்தார். நான் எங்கேயோ எதையோ படித்துவிட்டு, பெரிய மேதாவி மாதிரி, இருந்த அட்டை எல்லாவற்றையும் எடுத்து ஆற்றில் எறிந்தேன். மறுநாள் கை உதறியது. அதற்கு மறுநாள் சுவர் முழுக்க எறும்பு என்றார், விளக்குமாற்றால் கூட்டினார். மூன்றாம் நாள் விடியற்காலம் வலிப்பு. பல் கிட்டி, நாக்கைக் கடித்து, தலையணையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மலையாளத்தில் கேட்டாள்: "ஏதெல்லாம் குளிகயாணு கழிக்குன்னது?" கழிக்கிறது என்றால் அங்கே சாப்பிடுவது, இங்கே வேறு என்று நாங்கள் காலம்பூரா சிரித்த ஜோக்கு. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெயர்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அட்டைகள் ஆற்றோடு போய்விட்டன. நான் திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். பிறகு அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, கால்வாசி கால்வாசியாக, மாதக்கணக்கில் குறைத்தார்கள். சாவி திரும்பக் கிடைக்க ஆரம்பித்தது. முழுசாகப் பழைய ஆள் வந்தார் என்று சொல்லமாட்டேன், முக்கால்வாசி வந்தார்.

உங்கள் க்ளோனசெபாமும் அந்த அல்ப்ரசோலாம் கூட்டம்தான், அதனால் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பேசிடேனையும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான். லித்தியத்தை ஆபத்தென்று நிறுத்தி வைத்தாலும், அதற்குப் பதில் என்ன என்று மனநல டாக்டர் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 38 வயதில் வந்தது 71-இல் திரும்ப வரலாம்.

அத்தானோடு சண்டை வேண்டாம். சோட்டாணிக்கரை பகவதியை நானும் கும்பிட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிந்து, அம்மா தெளிந்த பிறகு கூட்டிப்போங்கள், மாத்திரையும் கூடப் போகட்டும். ஆனால் எங்கேயும் விட்டுவிட்டு வருகிற பேச்சு வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6-இல் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் சங்கிலியில் கிடந்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். செத்தது 28 பேர்.

வீட்டில் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று இருக்குமே. அதில் எல்லாவற்றையும் போடுங்கள்: திருவனந்தபுரம் சீட்டு, பிரஷர் மாத்திரை, மூட்டுவலி அட்டை, இருமல் பாட்டில், லேகியம், பாதி தேய்த்த தைலம் உட்பட. ஒரே டாக்டரின் மேசையில் கொட்டுங்கள். "இதில் எதுவெல்லாம் இன்னும் வேணும்?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். மனநல டாக்டரைப் பிடிப்பதில் சிக்கல் என்றால் 14416-க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ், காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். அதைச் செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள், அதற்குப் பதிலாக அல்ல.

சாயங்காலம் "நீ யாரு வீட்டுப் பிள்ளை" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள் என்று தோன்றியது. என்னைத் தெரியலையா, நான் யாரு சொல்லு பார்ப்போம் என்று பரீட்சை வைக்காதீர்கள். சித்தப்பா என்னிடமும் அதைக் கேட்டிருக்கிறார். முதல் தடவை அழுதுவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது, அப்பா பெயரைச் சொல்வேன். அவர் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்ப்பார். "அவன் மவனா? அப்ப நம்ம பயதான். உக்காருலே, காப்பி போடச் சொல்லுதேன்" என்பார்.

ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி