தம்பி பாபுல் போடுகிறான், ஊரையும் மறைக்கிறான்

கேள்வி: என் தம்பிக்கு 16 வயது. ஹட்டன் டவுனுக்கு டியூஷன் போகத் தொடங்கியதிலிருந்து பாபுல் (புகையிலை கலந்த பாக்கு) போடுகிறான், பையில் சிகரெட்டும் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லவே கூச்சம், வீடு டவுனில் என்கிறானாம். அப்பா சம்பளத்தன்று மட்டும்தான் குடிப்பார், வேறு பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பிள்ளைகளில் இனப்பெருமை உள்ளவர்கள் போதைப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?
– ஒரு அக்கா, ஹட்டன்

பதில்: பாதி உண்மை, தங்கச்சி.

ஹிஸ்பானிக் என்பது மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிகோ என்று பல இடத்துப் பூர்வீகக்காரர்களுக்கு ஒட்டிய ஒரே பெயர், நம்மை இலங்கைக் குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதி வைத்தார்களே, அந்த மாதிரி. 2001இல் மார்சிக்லியா என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் தென்மேற்கில் படித்த மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளில் தங்கள் இனத்தைப் பெருமையாக நினைத்தவர்களிடம் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. இனப்பெருமை கொண்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளிடமோ கூடுதலாக இருந்தது! பின்னால் வந்த சில ஆய்வுகளில் ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்கும் பெருமை கைகொடுக்கவில்லை. ஆகவே அதை ஒரு மருந்து மாதிரி நம்ப வேண்டாம்.

எதைப் பெருமை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான் என்பதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். 'தோட்டக்காட்டான்' என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்திருக்கும், அதை மறைக்க டவுன் பையன்கள் செய்வதையெல்லாம் செய்கிறான். வீட்டில் பார்த்தால், சம்பளத்தன்று குடிப்பது நம்ம ஆட்கள் வழக்கம்தானே என்று நீங்களே விட்டுவிட்டீர்கள், எனக்கு எழுதிய கடிதத்தில்கூட அது பிரச்சினை இல்லையாம். அப்படியானால் அவனுக்குத் தோட்டம் என்றால் லயம் என்கிற வரிசை வீடுகளும் சாராயமும்தான் ஞாபகம் வரும்.

பாட்டி இருந்தால் அவரிடம் உட்கார வையுங்கள். 1948இல் நம்ம ஆட்களுக்குப் பிரஜாவுரிமை போனது, இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தத்தில் யார் யார் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், யார் இங்கேயே நின்றார்கள், எல்லாம் கேட்கட்டும். மாசியில் காமன் கூத்து ஆடினால் தப்புப் பறை அடிக்கவாவது அனுப்புங்கள், ஆனால் கூத்து முடிந்ததும் போத்தல் திறக்கும் கூட்டத்தோடு வேண்டாம்.

சிகரெட் விற்ற கடைக்காரரையும் போய்க் கேளுங்கள், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. பாபுலை விட முடியாமல் தவித்தாலோ வேறு ஏதாவது எடுக்கிறான் என்று தெரிந்தாலோ அபாயகர ஔடதங்கள் (போதைப்பொருள்) கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அடிக்க வேண்டாம்.

அப்புறம், தம்பியிடம் பேசுவதற்கு முன் அப்பாவிடம் பேசுங்கள்.