உங்கள் செக்கு எண்ணெய்ப் பக்கத்தில் உங்கள் கடை எங்கே?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அண்ணனும் நானும் 9 ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய் ஆலை நடத்துகிறோம். 14 பேர் வேலை செய்கிறார்கள். 'நேர்மை, தரம், வாடிக்கையாளர் நலன், குடும்ப உணர்வு' என்று எங்கள் வெப்சைட்டில் நான்கு கொள்கைகள் போட்டிருக்கிறோம். ஓராண்டாக ஒரு டிஜிட்டல் ஏஜென்சி எங்களுக்காக இன்ஸ்டாகிராமில் மாதம் 30 போஸ்ட் போடுகிறது, வலைப்பதிவும் எழுதுகிறது. ஃபாலோயர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர், "உங்க பக்கத்தைப் பார்த்தா உங்க கடை மாதிரியே இல்லையேம்மா" என்றார். எங்கள் கொள்கை தெரிகிற மாதிரி என்ன எழுதுவது? எந்த மொழியில் எழுதுவது? ஏஜென்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.

பதில்: அந்த அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். உங்கள் இன்ஸ்டாகிராமையும் வலைப்பதிவையும் ஓராண்டு பின்னால் போய்ப் படித்தேன். நண்பர்கள் தின வாழ்த்து, யோகா தின வாழ்த்து, காலை வணக்கத்தோடு ஒரு பொன்மொழி, 'நல்லெண்ணெயின் 7 நன்மைகள்', தள்ளுபடி அறிவிப்பு, மறுபடியும் ஒரு வாழ்த்து. லோகோவை எடுத்துவிட்டால் எண்ணெய்க் கடையா மெத்தைக் கடையா என்று சொல்ல முடியாது. செக்கு ஓட்டுகிறவர் ஒருமுறைகூட வரவில்லை. கடலைப் பருப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. 9 ஆண்டுகளாக நீங்கள் செய்துவரும் வேலையே அதில் காணோம்.

கொள்கைச் சொற்களை யாரும் எழுதிவிடலாம். அமெரிக்காவின் என்ரான் நிறுவனமும் உங்களைப் போலவே நான்கு கொள்கைகள் வைத்திருந்தது: மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை. கணக்கு மோசடி வெளியே வந்து 2001 டிசம்பரில் அது திவாலானது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 1943-இல் 'கிரெடோ' என்ற கொள்கை அறிக்கை ஒன்றை எழுதியது. எங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கே முதல் பொறுப்பு, பங்குதாரர்கள் கடைசியில்தான் என்றது அது. 1982-இல் சிகாகோ பக்கம் யாரோ அந்த நிறுவனத்தின் டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகுதான் கிரெடோவுக்கே மதிப்பு வந்தது. அதே நிறுவனம் பின்னாளில் குழந்தைகளுக்கான டால்க் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல பெயரை ஒருமுறை சம்பாதித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

ஆகவே உங்கள் பக்கத்தில் எழுத வேண்டியவை, அந்த நான்கு சொற்களுக்காக நீங்கள் காசையோ நேரத்தையோ விட்டுக்கொடுத்த முடிவுகள். அவை உங்களிடம் நிறைய இருக்கும். ஒரு மதியம் அண்ணனையும் செக்கு ஓட்டுகிறவரையும் உட்கார வைத்துக்கொண்டு, பழைய கொள்முதல் நோட்டைப் புரட்டுங்கள். எந்த லோடைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன்? பருப்பு விலை ஏறியபோது விலையை ஏற்றினீர்களா, அளவைக் குறைத்தீர்களா? நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு சேர்ப்பது கருப்பட்டியா வெல்லமா? வெல்லம் போட்டால் செலவு குறையும் என்று தெரிந்தும் கருப்பட்டியே போடுகிறீர்கள் என்றால் அது ஒரு போஸ்ட். வெல்லத்துக்கு மாறிவிட்டீர்கள் என்றால் அதுவும் ஒரு போஸ்ட்தான். அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், 'நேர்மை' என்ற சொல்லை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

எல்லா எண்ணெய்க் கடைக்காரர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். உடனே வாடிக்கையாளர்கள் போன் போடுவார்கள்: "எண்ணெய் கட்டியாயிடுச்சு, கலப்படமா?" உங்கள் ஏஜென்சி போன ஜனவரியில் அதற்கு ஒரு ரீல் போட்டிருக்கிறது: 'உறைந்தால்தான் சுத்தம்!' அதற்கு நிறைய லைக். ஆனால் அந்த வாசகம் உண்மை இல்லை. கடையில் விற்கிற சுத்திகரித்த தேங்காய் எண்ணெயும் அதே குளிரில் உறையும். பாமாயிலும் உறையும். வேறு எண்ணெய் கொஞ்சம் கலந்திருந்தாலும் உறையும். உறைவது தேங்காய் எண்ணெயின் இயல்பு என்று மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. சுத்தம் என்பதற்கு அது சான்று ஆகாது. அந்தப் பொய் உங்களுக்குச் சாதகமானது, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, சொன்னால் விற்பனை கூடும். அப்படிப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் நேர்மை தெரியும். அடுத்த குளிருக்கு, "உறைந்ததால் பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், ஆனால் உறைந்ததாலேயே சுத்தம் என்று யார் சொன்னாலும், நாங்களே சொல்லியிருந்தாலும், நம்பாதீர்கள்" என்று எழுதுங்கள். லைக் குறையும். படிக்கிற பத்துப் பேர் ஆயுளுக்கும் உங்களிடம்தான் வாங்குவார்கள்.

தரத்துக்கும் இப்படி ஒன்று இருக்கிறது, இது இன்னும் முக்கியம். ஈரப்பதத்தோடு சேமித்த நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நச்சு உருவாகும். ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். செக்கில் ஆட்டி வெறுமனே தெளிய வைக்கிற எண்ணெயில் நீங்காது. செக்கு எண்ணெயின் சிறப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஏனென்றால் அதைச் சொன்னால்தான் உங்கள் ஆலையில் காலையிலிருந்து உட்கார்ந்து சொத்தைப் பருப்பையும் கறுத்த பருப்பையும் பொறுக்குகிற பெண்களின் வேலை எவ்வளவு பெரியது என்று வாங்குகிறவருக்குப் புரியும். ஒரு மூட்டைக்கு எவ்வளவு கழித்துப் போடுகிறீர்கள் என்று ஒரு மாதம் எடை போட்டுக் குறித்து, அந்த எண்ணிக்கையை அப்படியே வெளியிடுங்கள். ஆய்வகத்தில் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையையும் பேட்ச் எண்ணோடு போடுங்கள்.

விலையும் அப்படித்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு போகும். மிஞ்சுவது பிண்ணாக்கு. பருப்பு விலை, ஆட்டுக் கூலி, பாட்டில், பிண்ணாக்கு விற்று வருகிற பணம், உங்கள் லாபம் எல்லாவற்றையும் ஒரு படத்தில் போடுங்கள். லாபத்தையுமா என்று அண்ணன் கேட்பார். ஆமாம், லாபத்தையும்தான். பருப்பு விலைக்கே கட்டாத தொகைக்குச் செக்கு எண்ணெய் விற்கிறவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், கணக்கே பேசும்.

இனி, உடனே நீக்க வேண்டியவை. வலைப்பதிவில் 'கொலஸ்ட்ராலை விரட்டும்', 'இதயத்துக்கு இதம்' என்று நான்கைந்து இடத்தில் பார்த்தேன். சமையல் எண்ணெய் லேபிளில் இதே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிகள் பட்டியல் போட்டே தடுக்கின்றன. 'இயற்கை', 'தூய', 'பாரம்பரிய' போன்ற சொற்களுக்கும் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் நிபந்தனைகள் உண்டு. இது வெறும் போஸ்ட்தானே என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் பார்வையில் அதுவும் விளம்பரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. எழுதியது ஏஜென்சி என்று சொல்லி நீங்கள் தப்ப முடியாது. அப்புறம், இன்ஃப்ளூயன்சர் யாருக்காவது இலவசமாக எண்ணெய் கொடுத்துப் பேச வைத்தால், அது விளம்பரம் என்று அவர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். உறவுக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள்.

வாடிக்கையாளர் நலன் எங்கே தெரியும் என்று கேட்டால், கமென்ட் பகுதியில். உங்கள் பக்கத்தில் மூன்று புகார்கள் பார்த்தேன். கசடு அதிகம், மூடி கசிந்தது, டெலிவரி தாமதம். மூன்றுக்கும் ஒரே பதில்: 'தயவுசெய்து எங்களுக்கு மெசேஜ் அனுப்பவும்'. மனிதர் எழுதியதாகவே தெரியவில்லை. கசிந்த மூடிக்கு இப்படிப் பதில் எழுதலாம்: "மன்னியுங்கள் சார், அந்த வாரம் வந்த மூடிகளில் கோளாறு. அந்த லாட்டை நிறுத்திவிட்டோம். நாளை மாலைக்குள் வேறு பாட்டில் வந்து சேரும்." சொன்னபடி அனுப்பியதும் அதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். நம் ஊரிலேயே 2005-இல் தொடங்கிய இட்லி, தோசை மாவு நிறுவனமான ஐடி ஃபிரெஷ் ஃபுட், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆளில்லாத கடை வைத்தது. மாவுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட வேண்டியதுதான். 2021-இல் அவர்களுடைய மாவில் எலும்பு கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, என்னென்ன பொருள் போடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி மறுத்தார்கள். வாங்குகிறவரை முதலில் நம்பிய கடை தன்னையும் நம்பச் சொல்லும்போது அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

'குடும்ப உணர்வு' பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தமே உண்டு. இந்தச் சொல்லைப் பல முதலாளிகள் கூடுதல் நேரம் வேலை வாங்கத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களிடம் 14 பேருக்கும் மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் போகிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, தீபாவளிக்கு முந்தைய வாரம் ராத்திரி வேலைக்குத் தனிக் கூலி உண்டா? இருந்தால் அதை எழுதுங்கள். அதற்கு மேல் குடும்பம் என்ற சொல்லே வேண்டாம். ஊழியர்களின் படம் போடும்போது அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போட்டால் பெயரும் வேலையும் சேர்த்துப் போடுங்கள்.

மொழிக்கு வருவோம். உங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும். கர்நாடக மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 அன்று ராஜ்யோத்சவ வாழ்த்தைக் கன்னடத்தில் போட்டிருக்கிறீர்கள். அதே மாதம் கன்னடத்தில் புகார் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் பதில் போயிருக்கிறது. வாழ்த்து போடாமல் இருந்திருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். யார் எந்த மொழியில் கேட்டாரோ அந்த மொழியில் பதில் போகட்டும். கன்னடம் எழுதத் தெரிந்த ஊழியர் ஒருவரை அதற்கு வையுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால் கன்னடக்காரர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன விலைக் கணக்கும் பருப்புப் பொறுக்குவதும் கன்னடத்திலும் தமிழிலும் வரட்டும். பாட்டில் விவரம், தேதி, பேட்ச் எண் போன்றவற்றுக்கு ஆங்கிலம் போதும். வருகிற கார்த்திக மாதக் (கன்னட நாட்காட்டிப்படி) கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலெக்காயி பரிஷெ என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கும். கடலை எண்ணெய் விற்கிற உங்களுக்கு நண்பர்கள் தினத்தைவிட அதுதான் திருவிழா. பருப்பு வாங்குகிற அண்ணன் அங்கே போய், எந்த ரகத்தில் எண்ணெய் அதிகம், எதை வறுத்துச் சாப்பிடத்தான் வாங்கலாம் என்று அவருக்குத் தெரிந்ததைப் பேசட்டும். எழுதிக் கொடுத்த வசனம் வேண்டாம்.

ஏஜென்சியைக் குறை சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நீங்கள் கொடுத்ததே நான்கு சொற்களும் ஒரு லோகோவும்தான். அதை வைத்து அவர்கள் வேறென்ன செய்வார்கள்? புது ஒப்பந்தத்தில் மாதம் 30 என்பதை 5 அல்லது 6 ஆகக் குறையுங்கள். விஷயம் உங்களிடமிருந்து போகட்டும், படமும் எடிட்டிங்கும் அவர்கள் செய்யட்டும். கமென்டுக்குப் பதில் சொல்வதை அவர்களிடம் விடாதீர்கள். அது உங்கள் வீட்டு வேலை. மாதக் கடைசியில் ஃபாலோயர் எண்ணிக்கைக்குப் பதிலாக, திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர், புகாருக்குப் பதில் போக எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கைக் கேளுங்கள். இதற்கெல்லாம் சரி என்றால் அவர்களோடே தொடருங்கள். மாதம் 30 போஸ்ட் போட்டால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் வேறு ஆள் பாருங்கள். எது எப்படியானாலும், அந்தக் கொலஸ்ட்ரால் பதிவுகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.